நூற்று நாற்பது கையெழுத்துகள்

“மூலப் படிவங்களை நான் பாக்கணும் சார்.”

இந்தக் கட்டடத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். லீவு கேட்கலாம். உதவித்தொகை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கலாம். இயக்குநரின் நாற்காலியையே கேட்டாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். இன்னொருவர் ஆராய்ச்சியின் மூலத்தைக் காட்டு என்று மட்டும் கேட்கக் கூடாது. நான் சேர்ந்த அன்றே என் வழிகாட்டி கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன புத்திமதி அது. “முகத்துக்கு நேரா திருடன்னு சொல்ற மாதிரிம்மா அது. அப்படிக் கேட்டவங்க யாரும் இங்க பட்டம் வாங்கினதில்ல.”

கேட்டுவிட்டேன்.

இயக்குநர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். அவசரமே படாத மனிதர். கோபப்படும்போது குரல் இன்னும் மெதுவாகும். அவர் முன்னால் குறிப்பேடுகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்த நீல அட்டை என்னுடையது. தணிக்கைக்கென்று போன திங்கட்கிழமை வாங்கிப் போனார்கள்.

“நீ வேதியியல். அது கணக்கெடுப்புப் படிவம். உனக்கு என்ன சம்பந்தம்?”

“விதி பதினாலு சார்” என்றது என் பின்னாலிருந்து ஒரு குரல். “கூட்டு ஆய்வறிக்கையில பேர் இருக்கிற யாரும் மூல ஆவணத்தைப் பாக்கலாம். இவ பேரு நாலாவதா இருக்கு. என் பேரு அஞ்சாவது. ரொம்பச் சின்ன எழுத்துல.”

குரலுக்குச் சொந்தக்காரர் வாய்தா. சட்டத்துறையில் ஒன்பது வருடமாக ஒரே தலைப்பில் ஆராய்ச்சி செய்கிறார். ஒவ்வொரு வருடமும் கூடுதல் அவகாசம் கேட்டு மனுப் போடுவதால் வந்த பெயர். “தலைப்புக்கே கல்யாண வயசு வந்துடுச்சு” என்று அவரே சொல்லிக்கொள்வார். எனக்கு அவர் வைத்த பெயர் ஆசிட். குப்பியைப் பிடிக்கும் வேலையால் மட்டும் வந்ததில்லை என்பது எனக்கும் தெரியும்.

இயக்குநர் என்னையே பார்த்தார். மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஒரு மணி நேரம். பதிவறைலயே உக்காந்து பாருங்க. போன், பேனா, பென்சில் எல்லாம் வெளியில. நாளைக்குள்ள எல்லாம் முடிஞ்சிடப் போகுது. அதுக்குள்ள என்ன பாக்கணுமோ பாத்துக்கோ.”

இவ்வளவு சுலபமாகத் திறக்கும் கதவு எனக்குப் பிடிக்காது.

படியேறும்போது வாய்தா கேட்டார். “ஆசிட், அவர் சிரிச்சாரே, பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஒன்பது வருஷத்துல அவர் பல்லை இன்னிக்குத்தான் பாக்கறேன். இவ்வளவு நாள் இல்லைன்னே நெனச்சிட்டு இருந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டேப் அக்கா காணாமல் போய் இன்றோடு ஒன்பது நாள்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று துறைகளுக்கு ஒரே கூரை. கீழே வேதியியல், நடுவில் சட்டம், மேலே வாய்மொழி வரலாறு. லிஃப்டில் தவிர வேறெங்கும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள மாட்டோம். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு வழக்கு. ஆலைக்குப் பின்னால் கால்வாய்க்கரையில் நூற்று நாற்பது வீடுகள். அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு எலும்பு வளைகிறது. ஆலைக் கழிவுதான் காரணமா என்று ஆராய்ந்து சொல்லும்படி நீதிமன்றம் எங்களைக் கேட்டது. தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. சட்டம் வாய்தாவின் வேலை. வீடு வீடாகப் போய் மனிதர்களைக் கேட்டது அக்கா. எந்நேரமும் தோளில் ஒரு டேப் ரிக்கார்டர் தொங்கும். அதனால் டேப் அக்கா.

அந்த அக்காதான் ஒரு காலையில் ஹாஸ்டல் அறையில் இல்லை. கட்டிலில் ஒரு கடிதம் இருந்தது. இயக்குநர் அதை நகலெடுத்து எல்லாத் துறைக்கும் அனுப்பி வைத்தார், துக்கச் செய்தி அனுப்புவது போல. எனக்கு மனப்பாடம்:

‘கணக்கெடுப்புக்கு நான் போகவே இல்லை. எல்லாப் படிவங்களையும் நானே எழுதினேன். மனசாட்சி உறுத்துகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. என்னைத் தேடாதீர்கள்.’

போலீஸ் தேடவில்லை. கடிதமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதே. நாளை காலை பத்தரைக்கு விசாரணை. நீதிபதி அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டால் அக்கா மோசடிக்காரி, ஓடிப்போனவள். அதற்குப் பிறகு அவளை யாரும் தேடப்போவதில்லை. நூற்று நாற்பது வீடுகளும் அதே தண்ணீரைக் குடிக்கும்.

நான் துப்பறிவாளி இல்லை. ஆனால் இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் கேள்வி கேட்கத் தயாராக இல்லை.

*

பதிவறைக்கு ஒரே ஜன்னல். மீதி மூன்று பக்கமும் நெஞ்சு உயரத்துக்கு இரும்பு அலமாரிகள். அலமாரிகள் மேல் விரற்கடை உயரத்துக்குத் தூசி. நடுவில் ஒரு மேசை. அதற்கு அந்தப் பக்கம் பதிவறை அம்மா, மூக்கின் மேல் கண்ணாடியோடு.

“அந்தம்மா கண்ணாடியை இறக்கினா விசாரணை, ஏத்தினா தீர்ப்பு” என்று வாய்தா கிசுகிசுத்தார்.

“காதும் நல்லாத்தான் கேக்குது” என்றார் பதிவறை அம்மா. ஓர் அட்டைப் பெட்டியை எங்கள் முன் தள்ளினார். “நூத்தி நாப்பது. எண்ணித்தான் தர்றேன், எண்ணித்தான் வாங்குவேன்.”

நூலைப் பிரித்தேன். ஒவ்வொரு படிவத்திலும் வீட்டு எண், எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், என்ன நோய். அடியில் ‘இந்த ஆய்வுக்குச் சம்மதிக்கிறேன்’ என்ற வரி. அதற்குக் கீழே கையெழுத்து. எழுத்து அக்காவுடையதுபோலத்தான் இருந்தது. அவள் போடும் நீண்ட சுழிகள்கூட அப்படியே.

இருபது படிவங்கள் தாண்டியதும் வாய்தா நாக்கைச் சப்புக்கொட்டினார். “ஒண்ணொண்ணும் ஒவ்வொரு தினுசு பாரேன். இந்தாளு வால் போட்டிருக்கான். இவரு ரெண்டு புள்ளி வெச்சிருக்காரு. நம்ம இயக்குநர் கையெழுத்தே கொசு அடிச்சுத் தேச்ச மாதிரி இருக்கும். இங்க எல்லாரும் ஓவியம் வரஞ்சிருக்காங்க.”

என் கை நின்றுவிட்டது. பெட்டியிலிருந்த எல்லாத் தாள்களையும் மளமளவென்று புரட்டினேன். கடைசி வரைக்கும்.

“என்ன ஆசிட்?”

“கைநாட்டு எங்க?”

“எது?”

“கைநாட்டுண்ணா. பெருவிரல் ரேகை. நூத்தி நாப்பதுல ஒண்ணுகூட இல்ல.”

உதவித்தொகைப் படிவத்தில் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் என் அம்மா பெருவிரலைத்தான் வைத்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் துணி துவைத்து ரேகை தேய்ந்துபோன விரல். மூன்று முறை அழுத்தியும் சரியாக விழவில்லை. அலுவலகத்தில் இருந்தவன், “வீட்டுல யாரும் படிச்சவங்க இல்லையா?” என்று கேட்டுச் சிரித்தான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அக்கா கணக்கெடுக்கத் தொடங்கிய நாளில் தண்ணீர் பிடிக்க நானும் கூடப் போயிருந்தேன். பதினோரு வீடுகள். பதினோரு வீட்டிலும் அக்கா ஸ்டாம்ப் பேடை நீட்டி, ஒவ்வொரு பெருவிரலையும் பிடித்து உருட்டினாள். “என் சொத்தை எழுதி வாங்கிடாதே தாயி” என்று ஒரு பெரியவர் கிண்டல் செய்தார். அவர் விரல் மை என் தண்ணீர்க் குப்பி மேலும் ஒட்டிக்கொண்டது. அதே பதினோரு வீடுகள் இதோ என் கையில் இருக்கின்றன. பதினொன்றிலும் வால் வைத்த கையெழுத்து.

“இது அக்கா எடுத்த படிவமே இல்லண்ணா. அதை எங்கயோ ஒழிச்சிட்டாங்க. இதை எழுதினவங்களுக்கு, கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷங்க இருக்காங்கன்னே தோணலை. அவங்க வீட்டுல தாத்தா காலத்துலேர்ந்து எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பாங்க.”

வாய்தா மெதுவாகத் தலையாட்டினார். உடனே வக்கீலாகவும் மாறினார். “சரி. நாளைக்கு அந்தப் பக்கத்து வக்கீல் என்ன கேப்பான் தெரியுமா? ‘பதினோரு வீடுதானே பாத்தீங்க? அப்புறம் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டிருப்பாங்க.’ கைநாட்டு வெச்சாங்கங்கறதுக்கு உன் வாய்தான் சாட்சி. உன் வாய்க்கு இந்தக் கட்டடத்துல ஏற்கெனவே கெட்ட பேரு.”

“அண்ணா, கொஞ்சம் உங்க வாயை மூடறீங்களா?”

“மூடிட்டேன். விரலாவது பேசலாமா?” ஒரு படிவத்தைத் திருப்பி அதன் முதுகில் விரலை ஓட்டினார். “தொட்டுப் பாரு.”

தொட்டேன். எழுத்தெல்லாம் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. பத்துத் தாள்களை இப்படித் தொட்டுப் பார்த்தோம். பத்தும் அப்படித்தான்.

டேப் அக்காவின் எழுத்து தாளில் படாது. பேனா வழுக்கிக்கொண்டே போகும். கார்பன் வைத்து எழுதினால் இரண்டாவது பிரதி வெறுமையாக வருகிறது என்று அலுவலகத்தில் அவளை மாதாமாதம் திட்டுவார்கள். இந்த எழுத்தை எழுதிய கை வழுக்கவில்லை. நிறுத்தி, நிதானமாக, பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறது. வரைகிற கைதான் இப்படி அழுத்தும்.

“அப்ப கடிதம்?” என்றேன்.

படிவங்களை இப்படி வரையத் தெரிந்த கைக்குக் கடிதம் எம்மாத்திரம்?

சுவர்க் கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிடங்கள் போயிருந்தன.

“இன்னும் ஒண்ணு பாக்கணும்” என்றேன். “பெட்டிக்கு அடியில ஏதோ இருக்கு.”

இருந்தது. ஆறு படிவங்கள். எதுவும் எழுதாதவை.

“காலித்தாள். மிச்சம் விழுந்ததைக் கீழே போட்டு வெச்சிருக்காங்க. அதுல என்ன பாக்கப்போறே?”

“எங்க துறையில காலியைத்தான் முதல்ல பாப்போம்.”

வாய்தா புரியாமல் பார்த்தார். அது எங்கள் வேலையின் பாலபாடம். அழுக்குத் தண்ணீரைச் சோதிக்கும் முன்னால், ஒன்றுமே கலக்காத சுத்தமான தண்ணீரை அதே குப்பியில் ஊற்றி அதே சோதனையைச் செய்வோம். அதில் எதுவும் தெரியக் கூடாது. ஏதாவது தெரிந்தால் குப்பி கெட்டது, இல்லை கை கெட்டது. தப்பு செய்கிறவன் நிறைந்ததைத்தான் சரிபார்ப்பான். காலியை மறந்துவிடுவான்.

முதல் காலிப் படிவத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. தாள் முழுக்க மெல்லிய பள்ளங்கள். இதன்மேல் ஒரு தாளை வைத்து யாரோ எழுதியிருக்கிறார்கள். இது படிவத்தின் அமைப்பு இல்லை. கட்டங்கள் கிடையாது. வரி வரியாக, ஒரு கடிதம் போல.

“பென்சில் இருந்தா தேய்ச்சுப் பாக்கலாம்” என்றேன்.

“பென்சில் வெளியில.” வாய்தா எழுந்தார். அலமாரியின் மேல் பக்கத்தில் விரலை ஒரு இழுப்பு இழுத்தார். விரல் கறுப்பாகத் திரும்பி வந்தது. “இந்த அறைல இலவசமா கிடைக்கிறது இது ஒண்ணுதான். முதல் தாளைத் தொடாதே. அது அப்படியே இருக்கட்டும், கோர்ட்டுக்கு வேணும். ரெண்டாவதை எடு, அழுத்தின தடம் அதுலயும் இறங்கியிருக்கும். சாட்சியத்தைக் கலைச்ச குத்தம் என்னோட போகட்டும்.”

இரண்டாவது தாளில் தூசியை வைத்து உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்தார். தாள் சாம்பல் நிறமானது. பள்ளங்கள் மட்டும் வெள்ளையாக நின்றன.

நடுவில்தான் முதலில் தெளிந்தது. ‘மனசாட்சி உறுத்துகிறது.’

“அக்கா கடிதம்” என்றார் வாய்தா. குரலில் குதூகலம். “மாட்டிக்கிட்டாங்க ஆசிட்! ஹாஸ்டல் கட்டில்ல கிடந்த கடிதத்தோட தடம் இங்க எப்படி வந்துது? அதே மேசை, அதே கை!”

“அண்ணா, மேல தேயுங்க.”

“கீழ ‘தேடாதீர்கள்’ வருது பாரு. இதுக்கு மேல என்ன...”

“மேல தேயுங்கண்ணா.”

தேய்த்தார். முதல் வரி வந்தது.

‘தண்ணீர் மாதிரிகளை நான் எடுக்கவே இல்லை. எல்லா எண்களையும் நானே எழுதினேன்.’

வாய்தாவின் உள்ளங்கை தாளின் மேல் அப்படியே நின்றது.

அது அக்காவின் கடிதம் இல்லை. அக்கா தண்ணீரைத் தொட்டதே கிடையாது. எழுத்தைப் பார்த்தேன். சாய்ந்த, அவசரமான, ‘ற’வின் காலை வெட்டி விடுகிற எழுத்து. ஐந்து வருடமாக என் நீலக் குறிப்பேட்டில் நான் எழுதி வரும் எழுத்து. அடியில் என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் தேதி.

நாளைய தேதி.

அக்காவின் கணக்கெடுப்பு செல்லாமல் போனால் வழக்கில் மிஞ்சுவது என் தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான். அதையும் செல்லாமல் ஆக்க என்ன வேண்டும் என்று ஆலைக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். யோசித்து, எழுதியும் வைத்துவிட்டார்கள். ஒருத்தி போகும் முன்பே அவள் போய்விட்ட கடிதம் தயாராகிறது என்றால், அக்காவும் தானாகப் போகவில்லை.

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

“ஆசிட்” என்றார் வாய்தா. நான் பார்த்த ஐந்து வருடத்தில் முதல் முறையாக அவரிடம் கைவசம் ஜோக் இல்லை. “இன்னிக்கு நீ ஹாஸ்டலுக்குப் போகக் கூடாது.”

“தெரியும்.”

“என்ன நடக்குது அங்க?” பதிவறை அம்மா எழுந்து வந்தார். கண்ணாடி இறங்கியது. சாம்பல் தாளைப் பார்த்தார். அதைப் படிக்க அவருக்குத் தேவைப்பட்டதை விட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.



அவர் பெட்டியை இழுத்துப் படிவங்களை எண்ணினார். நூற்று நாற்பது. நூலைக் கட்டினார். “என் கணக்கு சரியா இருக்கு. காலித்தாளெல்லாம் என் கணக்குல வராது. யாரு எடுத்துட்டுப் போனாலும் நான் பாக்கல. வேணும்னா மழைக்குத் தலைல வெச்சுக்கோங்க.”

கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

வாய்தா முதல் தாளையும் சாம்பல் தாளையும் ஒரு கோப்பு அட்டைக்கு நடுவில் வைத்து, சட்டைக்குள் செருகிப் பொத்தான் போட்டார். “நீதிமன்றப் பதிவாளர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிடுவார். அதுக்குள்ள அவர் கையில குடுத்து, முத்திரை போட வெக்கறேன். நீயும் வா.”

“ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா வாசல்லயே நிறுத்துவாங்க. நீங்க டீ குடிக்கப் போங்க. உங்களை யாரும் நிறுத்த மாட்டாங்க. நீங்க எப்பவும் டீதானே குடிக்கிறீங்க.”

“இது பாராட்டா, அவமானமா?”

“ஓடுங்கண்ணா.”

ஓடினார்.

*

மணி பன்னிரண்டு ஐந்துக்கு இயக்குநரே வந்தார். ஒரு கையில் என் நீலக் குறிப்பேடு. மறு கையில் ஒரு தாள். ஆய்வேடு சமர்ப்பிக்க அனுமதி. ஐந்து வருடமாக நான் காத்திருந்த தாள். அவர் கையெழுத்துக்கு உரிய இடம் காலியாக இருந்தது.

“பாத்து முடிச்சாச்சா? எல்லாம் சரியா இருந்துதா?”

“ரொம்பச் சரியா இருந்துது சார்.”

“சட்டத்துறைக்காரர் எங்க?”

“டீ.”

அவர் தலையசைத்தார். குறிப்பேட்டை மேசையில் வைத்தார். “தணிக்கை முடிஞ்சுது. நல்ல கையெழுத்தும்மா உனக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு என் அறைக்கு வா. அனுமதில கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நாளைக்கு கோர்ட்டுக்கு என் வண்டியிலயே போயிடலாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஹாஸ்டல்ல தனி அறைதானே உனக்கு?”

சலவைக்கூடத்தில் அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். “எம் பொண்ணு டாக்டராகப் போறா. ஊசி போடாத டாக்டர்.” அந்த டாக்டர் பட்டம் இயக்குநர் விரல்களுக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றுமே பார்க்காதவள் போல் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு, நழுவி, எங்காவது ஒளிந்துகொண்டு, எல்லாம் அடங்கிய பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் இந்தக் கட்டடத்தை நிரப்பியிருக்கிறார்கள். அதனால்தான் அக்காவை ஒன்பது நாளாக யாரும் தேடவில்லை.

என் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டேன். அனுமதித் தாளைத் தொடவில்லை.

“வேணாம் சார்.”

“எது வேணாம்?”

“உங்க கையெழுத்து. என் கையெழுத்தை நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்க.”

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு கண்கள் மட்டும் பெட்டிக்குப் போயின. அங்கிருந்து அலமாரியின் மேல் தூசியில் விழுந்திருந்த விரல் கோட்டுக்குப் போயின.

“உக்காரு” என்றார், மிக மெதுவாக.

நான் வெளியே நடந்தேன். பின்னால் நூல் அறுபடும் சத்தம். தாள்கள் கவிழும் சத்தம். “எண்ணிப் பாருங்க சார், நூத்தி நாப்பதும் இருக்கு” என்று பதிவறை அம்மாவின் குரல். அதன் பிறகு இயக்குநர் யாருடனோ போனில் ஒரே ஒரு சொல் பேசினார்.

“இப்பவே.”

படிக்கட்டு முடியும் இடத்தில் வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஹாஸ்டல். என் ஆய்வேடு மூன்று பிரதிகளாக அங்கே கட்டிலடியில் இருக்கிறது. வலது பக்கம் வாசல், சாலை, நீதிமன்றம்.

வலது பக்கம் திரும்பினேன்.